ஒரே பெயரில் இரண்டு கார்ட்டுகள்

வவுனியாவில் வசிக்கும் என் மருமகன், சாதாரண தர மாணவர்களுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்து இரண்டு வருடங்களாகச் சேமித்த பணத்தில் தனது கணினிக்குப் புதிய கிராபிக்ஸ் கார்ட் வாங்க விரும்புகிறான். கொழும்பிலுள்ள மாமா என்ற முறையில் கடைகளில் விசாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது.

அவனிடம் இருப்பது என்விடியா நிறுவனத்தின் ஜீ.ரி.எக்ஸ். 1060, 6 ஜிகாபைற் நினைவகம் கொண்டது. 2016இல் வெளிவந்த அந்தக் கார்ட் நன்றாகவே உழைத்தது. ஆனால், 2024 டிசம்பரில் வெளியான இந்தியானா ஜோன்ஸ் விளையாட்டும் 2025 மே மாதத்தில் வந்த புதிய டூம் விளையாட்டும் ஒளிக்கதிர்களைக் கணிக்கும் வன்பொருளைக் கட்டாயமாகக் கேட்கின்றன. அது 1060இல் இல்லை. போதாக்குறைக்கு, அந்தத் தலைமுறைக் கார்ட்டுகளுக்குப் புதிய விளையாட்டுகளுக்கான டிரைவர் வெளியிடுவதை என்விடியா 2025 ஒக்டோபருடன் நிறுத்திக்கொண்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே 2028 வரை கிடைக்கும்.

கடையொன்று அனுப்பிய விலைப்பட்டியலில் ஆர்.ரி.எக்ஸ். 5060 ரி.ஐ. என்றும், ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஆர்.எக்ஸ். 9060 எக்ஸ்.ரி. என்றும் இருந்தன. நினைவகத்தின் அளவு எங்குமே இல்லை. இரண்டும் 2025இல் வெளிவந்தவை. இரண்டிலும் 8 ஜிகாபைற், 16 ஜிகாபைற் என இரு வகைகள் உண்டு. அறிமுக விலையில் வித்தியாசம் 50 டொலர். "பேர் ஒண்டுதானே மாமா, மலிஞ்சதை எடுப்பம்" என்றான் மருமகன்.

பெயர் ஒன்றுதான், பொருள் ஒன்றல்ல. தலைப்பை மட்டும் வாசித்துவிட்டுச் செய்தியை அறிந்துகொண்டதாக எண்ணுவோரை என் தொழிலில் நிறையவே கண்டிருக்கிறேன். 1060இலேயே இந்த வேலை நடந்தது. 3 ஜிகாபைற் வகையில் நினைவகம் மட்டுமன்றி, கணிப்பு அலகுகளும் 1280இலிருந்து 1152ஆகக் குறைந்திருந்தன. 12 ஜிகாபைற்றுடன் 2021இல் வந்த ஆர்.ரி.எக்ஸ். 3060 என்ற பெயரிலேயே 2022இல் 8 ஜிகாபைற் கார்ட் ஒன்றும் வந்தது.

மருமகனுடைய கணினியில் இந்த வித்தியாசம் மேலும் உறைக்கும். றைசன் 5 3600 புரோசசரும் பீ450 மதர்போர்ட்டும் கொண்ட அக்கணினியின் இணைப்பு பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் 3.0 வகையைச் சேர்ந்தது. கார்ட்டின் நினைவகம் நிரம்பிவிட்டால் மிகுதித் தரவுகள் கணினியின் பொது நினைவகத்துக்கும் கார்ட்டுக்கும் இடையே ஓடித் திரிய வேண்டும். 5060 ரி.ஐ. பயன்படுத்துவது எட்டுத் தடங்களை மட்டுமே. புதிய மதர்போர்ட்டில் அது பெரிதாகத் தெரியாது. பழைய 3.0 இணைப்பில் எட்டுத் தடங்கள் என்பது அலுவலகம் விடும் நேரத்துக் காலி வீதிதான். படம் திக்கித் திக்கி நகரும். 9060 எக்ஸ்.ரி. பதினாறு தடங்களையும் பயன்படுத்துகிறது. அதன் 16 ஜிகாபைற் வகைக்கு 160 வாற்று போதும் என்பதால் அவனிடமுள்ள 550 வாற்று பவர் சப்ளையை மாற்றவும் தேவையில்லை.

இன்ரெல் நிறுவனத்தின் ஆர்க் பீ580, 12 ஜிகாபைற்றுடன் 249 டொலருக்கு அறிமுகமான நல்ல கார்ட். ஆனால், இத்தகைய பழைய புரோசசருடன் சேரும்போது பல விளையாட்டுகளில் அதன் வேகம் விழுந்துவிடுகிறது. பாவித்த 3060 மலிவாகக் கிடைக்கலாம். எனினும் 2022 செப்டெம்பரில் எதேரியம் அகழ்வு முடிவுக்கு வரும்வரை இரவுபகலாக ஓடிய கார்ட்டா, இல்லையா என்பதை வெளித்தோற்றத்தில் எவராலும் சொல்ல முடியாது. இரண்டு வருடச் சேமிப்பை அப்படிப் பந்தயம் கட்ட எனக்கு மனமில்லை.

ஆகவே 16 ஜிகாபைற் 9060 எக்ஸ்.ரி. என்று முடிவாயிற்று. நினைவகத்தின் அளவையும் உத்தரவாதக் காலத்தையும் பில்லிலேயே எழுதித் தரும்படி கடையில் கேட்டிருக்கிறேன். மூன்று விசிறிகள் கொண்டதையா, இரண்டு விசிறிகள் கொண்டதையா வாங்குவது என்பதுதான் மிச்சம். கணினிப் பெட்டியின் உட்புற நீளத்தை அடிமட்டத்தால் அளந்து இன்றிரவு சொல்வதாக மருமகன் கூறியிருக்கிறான்.