ஒரு வரிக் கட்டளையின் வேர்கள்

டிஎஸ்9 என்பது வானியல் படங்களைத் திறந்து பார்த்து அலச உதவும் மென்பொருள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கேம்பிரிட்ஜ் நகரில் இருக்கும் ஸ்மித்சோனியன் வானியற்பியல் ஆய்வகத்தில் உருவானது. சின்னத்தைச் சொடுக்கியும் இதைத் திறக்கலாம். ஆனால் பழகிய கை டெர்மினலுக்குத்தான் போகும். ஒரு வரியைத் தட்டி என்டர் அழுத்தினால் சாளரம் விரியும், படமும் கூடவே வந்து நிற்கும். அந்த வரியைத் தமிழ் எழுத்தில் எழுதினால் இப்படி இருக்கும்:

டிஎஸ்9 எம்51.ஃபிட்ஸ் -இசட்ஸ்கேல் -ஜூம் டு ஃபிட் &

ஒரே வரிதான். ஆனால் இதன் துண்டுகள் ஒரே காலத்தவை அல்ல, ஒரே ஊரில் பிறந்தவையும் அல்ல. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு, அது எங்கே தொடங்கியது என்று தேடிப் போனதில் கிடைத்தவை கீழே வருகின்றன.

முதல் சொல் செயலியின் பெயர். 1990-இல் மைக் வான்ஹில்ஸ்ட் இதே ஆய்வகத்தில் எழுதிய சாவோஇமேஜ் என்ற நிரலிலிருந்து கதை தொடங்குகிறது. அதற்கு அடுத்த தலைமுறையை எரிக் மாண்டல் உருவாக்கினார். 'ஸ்டார் ட்ரெக்: த நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொலைக்காட்சித் தொடரை நினைவூட்டும்படி அதற்கு சாவோடிஎன்ஜி என்று பெயர். மூன்றாம் தலைமுறையை 1999-இல் வில்லியம் ஜாய் கொண்டுவந்தார். ஸ்டார் ட்ரெக் வரிசையில் அடுத்து வந்த தொடர் 'டீப் ஸ்பேஸ் நைன்'. அதன் சுருக்கமே டிஎஸ்9. தொலைக்காட்சித் தொடர் முடிந்ததும் அதே ஆண்டில்தான்.

பெயரைத் தட்டியதும் அதை வாங்கிப் படிப்பது ஷெல் எனப்படும் நிரல். எம்ஐடியின் சிடிஎஸ்எஸ் காலப்பகிர்வு இயங்குதளத்தில் பணியாற்றிய பிரெஞ்சுக்காரர் லூயி பூசான், கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதி வரிசையாக ஓடவிடும் ரன்காம் என்ற வசதியை 1960களின் முதற்பாதியில் செய்தார். கட்டளையைப் படிக்கும் நிரலை இயங்குதளத்துக்கு வெளியே ஒரு தனி நிரலாக வைக்கலாம் என்ற யோசனையும், ஷெல் என்ற பெயரும் அவருடையவை. மல்டிக்ஸ் இயங்குதளத்தில் அது நடைமுறைக்கு வந்தது; அங்கிருந்து யுனிக்ஸுக்குப் போனது.

'டிஎஸ்9' என்ற பெயர் கொண்ட கோப்பு வட்டில் எங்கே இருக்கிறது என்று ஷெல்லுக்கு எப்படித் தெரியும்? தொடக்ககால யுனிக்ஸில் கென் தாம்ப்சன் எழுதிய ஷெல், தற்போதைய கோப்புறையில் தேடும். அங்கே இல்லையென்றால் 'பின்' கோப்புறையில் தேடும். தேட வேண்டிய இடங்கள் நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தன. பயனர் மாற்ற வழியில்லை. 1979-இல் ஏழாம் பதிப்பு யுனிக்ஸும் ஸ்டீபன் போர்னின் ஷெல்லும் வந்தபோது இந்த முறை மாறியது. எந்தெந்தக் கோப்புறையில் எந்த வரிசையில் தேட வேண்டும் என்ற பட்டியல் 'பாத்' என்ற மாறியில் வைக்கப்பட்டது. அதைப் பயனரே திருத்தலாம். இன்று செயலியை இறக்கி வைத்தும் 'கட்டளை கிடைக்கவில்லை' என்று டெர்மினல் சொன்னால், பெரும்பாலும் கோளாறு செயலியில் இருக்காது. அது கிடக்கும் கோப்புறை இந்தப் பட்டியலில் இருக்காது. கோப்பைப் பட்டியலில் உள்ள ஓரிடத்துக்கு மாற்றலாம், அல்லது அந்தக் கோப்புறையைப் பட்டியலில் சேர்க்கலாம்.

மேக் கணினியில் இந்தச் சிக்கல் இன்னொரு சுற்றுச் சுற்றும். அங்கே செயலி என்று கண்ணுக்குத் தெரிவது உண்மையில் ஒரு கோப்புறை. இயங்கும் கோப்பு அதற்குள் இரண்டு படி உள்ளே இருக்கிறது. இது நெக்ஸ்ட் கணினிகளிலிருந்து வந்த வழக்கம். சொடுக்குபவருக்கு அது வசதி. டெர்மினல்காரர் உள்ளே போகும் முழுப் பாதையையும் எழுத வேண்டும், அல்லது 'ஓப்பன்' கட்டளையின் உதவியை நாட வேண்டும்.

அடுத்த துண்டு கோப்பின் பெயர். எம்51 நீர்ச்சுழி விண்மீன் மண்டலம். 1773-இல் சார்ல் மெசியே கண்டது. வானியல் மென்பொருள் கற்றவர்களுக்கு அது பழகிய முகம், ஏனென்றால் ஐராஃப் என்ற பழைய தொகுப்போடு சோதனைப் படமாக வந்தது இந்த மண்டலத்தின் 512-க்கு 512 படப்புள்ளிப் படம்தான்.

'ஃபிட்ஸ்' என்ற பின்னொட்டில்தான் தேடல் மிக ஆழமாகப் போகிறது. 1970களில் ஒவ்வொரு வானாய்வகமும் தன் தரவைத் தனக்கே உரிய வடிவில் காந்த நாடாவில் எழுதியது. அரிசோனாவின் கிட் பீக்கில் எடுத்த ஒளிப்படத்தையும், நெதர்லாந்தின் வெஸ்டர்போர்க்கில் எடுத்த ரேடியோ படத்தையும் ஒருங்கே வைத்துப் பார்க்க விரும்பியவர், இரண்டு நாடாக்களைப் படிக்க இரண்டு நிரல் எழுத வேண்டும். கிட் பீக்கின் டான் வெல்ஸ், அமெரிக்க தேசிய ரேடியோ வானாய்வகத்தின் எரிக் கிரைசன், வெஸ்டர்போர்க்கோடு பணியாற்றிய ரான் ஹார்டன் மூவரும் பொது வடிவத்தை விவரித்த கட்டுரை 1981-இல் வெளியானது. சர்வதேச வானியல் ஒன்றியம் 1982-இல் அதை ஏற்றது.

அந்த வடிவத்தில் தரவு 2880 பைட் கொண்ட கட்டங்களாக அடுக்கப்படுகிறது. பார்த்தால் குறி சொன்னது போன்ற எண். கணக்கு இதுதான்: 2880 பைட் என்பது 23,040 பிட். அன்றைய கணினிகளில் ஒரு சொல்லின் நீளம் இயந்திரத்துக்கு இயந்திரம் மாறியது. 16 பிட், 18, 24, 32, 36, 48, 60 என்று பலவகை. 23,040 இவை எல்லாவற்றாலும் மீதியின்றி வகுபடும். ஆகவே எந்தக் கணினியில் படித்தாலும் கட்டத்தின் விளிம்பு சொல்லின் விளிம்பில் வந்து நிற்கும். படத்தின் விவரங்களைச் சொல்லும் தலைப்புப் பகுதியோ 80 எழுத்து நீள வரிகளால் ஆனது. துளை அட்டையின் அகலம் அது. அத்தகைய 36 வரிகள் சேர்ந்தால் ஒரு கட்டம். துளை அட்டையைக் கண்ணால் காணாத தலைமுறை எடுக்கும் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கிப் படங்களிலும் அதே 80 எழுத்து வரி ஓடுகிறது. ஒருமுறை ஏற்கப்பட்ட ஃபிட்ஸ் கோப்பு என்றைக்கும் செல்லுபடியாக வேண்டும் என்பது இதை வகுத்தவர்களின் கொள்கை; அந்தப் பிடிவாதம் இல்லாதிருந்தால் 1980களின் நாடாக்கள் இன்று குப்பை.

மூன்றாவது துண்டு '-இசட்ஸ்கேல்'. வானத்துப் படத்தில் பெரும்பாலான படப்புள்ளிகள் பின்னணியின் மங்கலான ஒளியை ஒட்டியே இருக்கும். சில விண்மீன்கள் மட்டும் பல்லாயிரம் மடங்கு பிரகாசமாக இருக்கும். மிகச் சிறிய மதிப்பைக் கருப்பாகவும் மிகப் பெரிய மதிப்பை வெள்ளையாகவும் வைத்துக் காட்டினால், கருந்திரையில் நாலைந்து புள்ளிகள் தெரியும், அவ்வளவுதான். இசட்ஸ்கேல் வேறு வழியில் போகிறது. படம் முழுவதையும் எடுக்காமல் சில நூறு புள்ளிகளை மாதிரியாக எடுக்கிறது. டிஎஸ்9-இல் வழக்கமான எண்ணிக்கை 600. அவற்றை ஏறுவரிசையில் அடுக்கி, விலகி நிற்பவற்றைத் தள்ளிவிட்டு, நடுப்பகுதிக்கு ஒரு நேர்கோடு பொருத்துகிறது. அந்தக் கோட்டின் சாய்வைக் கொண்டு எது கருப்பு, எது வெள்ளை என்று முடிவு செய்கிறது. சாய்வை வகுக்கும் மாறுபாட்டு எண் 0.25.

இந்த முறை டிஎஸ்9-க்குச் சொந்தமல்ல. கிட் பீக்கில் டக் டோடி தலைமையில் 1980களில் வளர்ந்த ஐராஃப் தொகுப்பின் 'டிஸ்பிளே' கட்டளையில் இருந்தது. ஐராஃப் தானாகச் சாளரம் திறக்காது. கணக்கிட்டு முடித்த படத்தைத் தனியாக ஓடும் ஒரு காட்சி நிரலுக்கு அனுப்பும். சன் பணிநிலையங்களில் அந்த வேலையைச் செய்தது இம்டூல். சாவோஇமேஜும் அதே நெறிமுறையைப் பேசியதால் இம்டூலின் இடத்தில் அமர முடிந்தது. அந்தப் பேச்சுவழி இன்றும் மூடப்படவில்லை: டிஎஸ்9 திறந்ததும் ஐராஃபின் அழைப்புக்காக 5137-ஆம் போர்ட்டில் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறது. ஐராஃபைத் தொட்டே பார்க்காதவர் கணினியிலும் அப்படித்தான்.

சொல்லுக்கு முன்னால் வரும் சிறு கோட்டுக்கும் வரலாறு உண்டு. மல்டிக்ஸில் விருப்பத்தேர்வுகள் கோட்டோடு தொடங்கும் முழுச் சொற்களாக இருந்தன. 1971 நவம்பரில் வந்த யுனிக்ஸின் முதல் கையேட்டில் கோடு இருக்கிறது. ஆனால் பின்னால் ஒற்றை எழுத்துதான். விநாடிக்குப் பத்து எழுத்து அச்சிடும் டெலிடைப்பில் சிக்கனம் இயல்பான குணம். 1980களில், யுனிக்ஸ் கணினிகளில் சாளரங்களைத் திறக்கும் எக்ஸ் சாளர அமைப்பின் நிரல்கள் ஒற்றைக் கோட்டுக்குப் பின் முழுச் சொல்லை மீண்டும் எழுதத் தொடங்கின. பிற்பாடு க்னு திட்டம் முழுச் சொற்களுக்கு இரட்டைக் கோட்டை வழக்கமாக்கியது. டிஎஸ்9 எக்ஸ் மரபில் நிற்கிறது. அதனால் ஒற்றைக் கோடு.

'-ஜூம் டு ஃபிட்' என்பதில் ஒரு கோட்டுக்கு மூன்று சொற்கள். கட்டளை வரி இலக்கணத்துக்கு இது சற்று முறைகேடாகத் தோன்றும். விளக்கம் எக்ஸ்பிஏ என்ற செய்தி முறையில் கிடைக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கு வெளியிலிருந்து கட்டளை அனுப்ப எரிக் மாண்டல் அமைத்தது அது. முதலில் எக்ஸ் சாளர அமைப்பின் வெட்டி-ஒட்டும் பொறிமுறை மேல் நின்றது, பிறகு சாக்கெட்டுகளுக்கு மாறியது. 'எக்ஸ்பிஏசெட் -பி டிஎஸ்9 ஜூம் டு ஃபிட்' என்று இன்னொரு டெர்மினலில் தட்டினால், ஏற்கனவே திறந்திருக்கும் சாளரத்தில் படம் சட்டத்துக்குள் அடங்கி நிற்கும். கட்டளை வரியின் விருப்பத்தேர்வுகள் பெரும்பாலும் இதே செய்திகள்தான், முன்னால் ஒரு கோடு சேர்த்து. ஆகவே அவை இடமிருந்து வலமாக, சமையல் குறிப்பின் படிகளைப் போல, ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேறுகின்றன. வரிசை மாறினால் விளைவும் மாறலாம். இதை அறியாமல் விருப்பத்தேர்வுகளைக் கோப்புப் பெயருக்கு முன்னால் குவித்துவிட்டு, படம் ஏன் சொன்னபடி வரவில்லை என்று குழம்புபவர்கள் உண்டு.

கடைசிக் குறி '&'. அது இல்லாவிட்டால் டிஎஸ்9 மூடப்படும்வரை டெர்மினல் அடுத்த கட்டளையை வாங்காது. 1969-இல் பிடிபி-7 கணினியில் ஓடிய முதல் யுனிக்ஸில் ஒரு டெர்மினலுக்கு ஒரு செயல்முறைதான். ஷெல் தன் இடத்தில் கட்டளையை ஏற்றிவிட்டு மறையும், வேலை முடிந்ததும் ஷெல்லைப் புதிதாக ஏற்ற வேண்டும். பிறகு பெர்க்லியின் காலப்பகிர்வுக் கணினியில் இருந்த 'ஃபோர்க்' என்ற கருத்தை எடுத்தாண்டார்கள்: ஷெல் தன் நகலொன்றை உண்டாக்கி, அந்த நகலைக் கட்டளையாக மாற்றுகிறது. டென்னிஸ் ரிச்சி பின்னாளில் எழுதியபடி, அதற்குத் தேவைப்பட்டது 27 வரி அசெம்பிளி. நகல் முடியும்வரை ஷெல் காத்திருந்தால் சாதாரணக் கட்டளை; காத்திருக்காவிட்டால் '&'.

இந்த மாற்றம் உடனே ஒரு வேடிக்கையைக் கொண்டுவந்ததையும் ரிச்சி பதிவு செய்திருக்கிறார். கோப்புறை மாறும் கட்டளை திடீரென்று வேலை செய்யவில்லை. நகல் கோப்புறை மாறிவிட்டு மடிந்தது. ஷெல் இருந்த இடத்திலேயே இருந்தது. அதனால் அந்தக் கட்டளை ஷெல்லுக்குள்ளேயே சேர்க்கப்பட்டது. நகல் தன் தாயின் கோப்புறையிலேயே பிறக்கிறது என்ற அதே விதிதான் 'எம்51.ஃபிட்ஸ்' என்று பாதை இல்லாமல் எழுதினாலும் டிஎஸ்9 கோப்பைக் கண்டுபிடிக்கக் காரணம். சின்னத்தைச் சொடுக்கித் திறந்தால் இந்த வசதி கிடையாது.

'&' போட மறந்தவருக்கும் வழியுண்டு: கன்ட்ரோல்-இசட் அழுத்தி நிறுத்தி, 'பிஜி' என்று தட்டிப் பின்னணிக்கு அனுப்பலாம். இந்த வேலைக் கட்டுப்பாட்டை முதலில் செய்தவர் ஆஸ்திரியாவின் லாக்ஸன்பர்க்கில் உள்ள பன்னாட்டு அமைப்புப் பகுப்பாய்வு நிறுவனத்தில் இருந்த ஜிம் கல்ப். பெர்க்லியின் சி-ஷெல் வழியாக அது உலகெங்கும் பரவியது. வானியலுக்கும் வியன்னாவுக்குப் பக்கத்து அந்த ஊருக்கும் இப்படியொரு தொடர்பு இருக்கும் என்று தேடலுக்கு முன் நான் நினைத்ததில்லை.

வரியில் எழுதப்படாத ஒன்றும் இருக்கிறது: சாளரம் எந்தத் திரையில் திறக்க வேண்டும் என்பது. லினக்ஸில் அதை 'டிஸ்பிளே' என்ற மாறி சொல்கிறது. எம்ஐடியில் பாப் ஷைஃப்லர் 1984 ஜூனில் அறிவித்த எக்ஸ் அமைப்பில், திரையை ஆள்வது ஒரு சர்வர். நிரல் அதன் வாடிக்கையாளர். இரண்டும் வேறு வேறு கணினியில் இருக்கலாம். மலை உச்சித் தொலைநோக்கியின் கணினியில் ஓடும் டிஎஸ்9, அடிவாரத்து மேசையில் சாளரம் திறப்பது இதனால்தான். 1995-இல் ஃபின்லாந்தில் டாட்டு யுலோனன் எழுதிய, வேறு கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வந்தபின், அந்தப் போக்குவரத்தை மறைகுறியாக்கப்பட்ட குழாய்க்குள் அனுப்ப முடிந்தது. அப்போது மாறியில் வரும் திரை எண் வழக்கமாக 10-இலிருந்து தொடங்கும், மேசைக்கு முன் இருக்கும் உண்மைத் திரையின் எண்ணான 0 உடன் மோதாதிருக்க. மாறி காலியாக இருந்தால் டிஎஸ்9 சாளரம் திறக்காமல் பிழைச் செய்தியோடு நின்றுவிடும்.

திரையே இல்லாத கணினியில் நூற்றுக்கணக்கான படங்களை மாற்ற வேண்டியிருக்கும்போது, எக்ஸ்விஎஃப்பி என்ற நிரல் நினைவகத்திலேயே ஒரு பொய்த் திரையை விரித்துக் கொடுக்கிறது. அதன்மேல் டிஎஸ்9 ஓடி, படத்தைத் திறந்து, '-சேவ்இமேஜ்' விருப்பத்தேர்வின்படி பிஎன்ஜி கோப்பாக எழுதி, வரியின் கடைசியில் உள்ள '-எக்ஸிட்' வந்ததும் மூடிக்கொள்கிறது.