கரிசலில் காலாற...

விளாத்திகுளத்துக்குக் கோடையில் போனால் கரிசல் வெடிப்பில் செருப்பு மாட்டிக்கொள்ளும். ஐப்பசி மழையில் போனால் செருப்பை மண்ணே வாங்கி வைத்துக்கொள்ளும். போதாததற்குக் காலோடு அரைக் கிலோ களிமண் இலவசம்!

இந்த மண்ணில் பெரியவர்கள் எங்கே நடப்பது? விடிகாலையில் தார் ரோட்டோரம்தான். "சர்க்கரைக்கு நடக்கச் சொல்லுதாரு டாக்டரு. நடந்தா லாரிக்காரன் முறைக்கான்" என்றார் டீக்கடையில் ஒரு தாத்தா.

வைப்பாற்றங்கரைப் பக்கமாக ஒரு நடைபாதை போட்டால் தீர்ந்ததா? அங்கேதான் கரிசல் தன் வேலையைக் காட்டும். தண்ணீர் குடித்தால் உப்பும், வெயிலில் சுருங்கும். மேலே பதித்த கல்லில் ஒன்று ஏறும், ஒன்று இறங்கும். எழுபது வயதுக் காலைத் தட்டிவிட அந்த அரை அங்குலம் போதும். இடுப்பெலும்பு முறிந்தால் அப்புறம் வாசல் திண்ணையோடு சரி. அதனால் கரிமண்ணைத் தோண்டியெடுத்து, சரளை கொட்டி இடித்து, மழைத்தண்ணீர் வடிய வழியும் விட்டுத்தான் தளம் போடணும். வழுவழு டைல்ஸ் வேண்டவே வேண்டாம். ரிப்பன் வெட்டுகிற அன்றைக்கு மட்டும்தான் அது அழகு!

பக்கத்தில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த பாட்டியிடம் கேட்டேன்.

"நூறு எட்டுக்கு ஒரு பெஞ்சு போடச் சொல்லுய்யா. சாஞ்சுக்கிடணும், கைய ஊனி எந்திரிக்கணும். மேல வேப்பமர நிழலு."

உலக சுகாதார நிறுவனம் 2007-ல் முதியோருக்கேற்ற நகரங்கள் பற்றி வெளியிட்ட கையேடும் உட்கார இடம், சமதளம் என்றுதான் பேசுகிறது. பாட்டி அதைப் படித்திருக்க நியாயமில்லை.

கிளம்பும்போது கூப்பிட்டார்: "ஏய்யா, அங்கன கக்கூஸ் கட்டுவாகளா? அதச் சொல்லாம நடக்கச் சொன்னா எப்படி?"

கையேட்டில் அதுவும் இருக்கிறது.