சாவதற்கு ஆறு நாள் முன்பு ஒரு கடிதம்

லண்டன்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சண்டே ஸ்கூல் பொறுப்பை விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். பிள்ளைகள் வருகிறார்கள், பாடம் நடக்கிறது, ஆனால் சபையில் ஒருவர்கூட ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை என்று எழுதியிருந்தாய். 'பாராட்டுக்காகவா ஊழியம் செய்கிறாய்?' என்று மற்றவர்கள் கேட்பார்கள். நான் கேட்கப் போவதில்லை. அதற்குப் பதிலாக ஒரு பழைய கடிதத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

இங்கே சிட்டி ரோட்டில் மெதடிஸ்ட் போதகர் ஜான் வெஸ்லியின் ஆலயம் இருக்கிறது. 1778-இல் திறந்தது, இன்றும் ஆராதனை நடக்கிறது. பக்கத்திலேயே அவர் குடியிருந்த வீடு. 1791 மார்ச் 2 அன்று, 87 வயதில், அந்த வீட்டில்தான் இறந்தார். அதற்கு ஆறு நாள் முன்பு, பிப்ரவரி 24 அன்று, ஒரு சின்னக் கடிதம் எழுதினார். அவருடைய கடைசிக் கடிதம் அதுதான் என்பார்கள். யாருக்குத் தெரியுமா? அடிமை வணிகத்தை ஒழிக்கப் பாராளுமன்றத்தில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த வில்லியம் வில்பர்போர்ஸுக்கு. அவருக்கு அப்போது 31 வயது.

அந்தக் கடிதத்தில் முகஸ்துதி கிடையாது. 'எல்லாம் நல்லபடி முடியும்' என்ற சமாதானமும் கிடையாது. கர்த்தர் உன்னை இந்த வேலைக்கென்றே எழுப்பியிருக்காவிட்டால், எதிர்ப்பே உன்னை அரித்துத் தின்றுவிடும் என்று கிழவர் பச்சையாகச் சொல்கிறார். கர்த்தர் உன்னோடிருந்தால் எதிர்ப்பவர்கள் எம்மாத்திரம், சலிக்காமல் செய் என்கிறார். அடிமையாக இருந்து விடுதலை பெற்ற ஒலாடா எக்வியானோவின் தன்வரலாற்றை அப்போதுதான் படித்திருக்கிறார். குடியேற்ற நாடுகளில் வெள்ளையனுக்கு எதிராகக் கறுப்பன் சொல்லும் சாட்சி செல்லாது என்பது அவரை உறுத்தியிருக்கிறது. சாவை நெருங்கிவிட்ட அந்த மனிதர், தன்னைப் பற்றி எழுதாமல் இதை எழுதினார்.

இரண்டு மாதத்தில் வில்பர்போர்ஸின் மசோதா தோற்றது. ஆதரவு 88, எதிர்ப்பு 163. சட்டம் நிறைவேற 1807 ஆயிற்று. வெஸ்லியின் கடிதத்தால்தான் அது நடந்தது என்று சொன்னால் அது கதை. ஆனால் வில்பர்போர்ஸைச் சுற்றி இப்படிச் சொல்ல ஆட்கள் இருந்தார்கள். 1785-இல், பக்தி வந்த புதிதில், அரசியலே வேண்டாம் என்று குழம்பி, யாருக்கும் தெரியாமல் ஜான் நியூட்டனைத் தேடிப் போனார். நியூட்டன் ஒரு காலத்தில் அடிமைக் கப்பலின் கேப்டன், பிறகு குருவானவர். அவரோ, 'நீ இருக்கிற இடத்திலேயே இரு, உன்னால் அங்கே ஆக வேண்டியது இருக்கிறது' என்கிற விதமாகத் தேற்றி அனுப்பினார். 1807-இல் சட்டம் வந்ததைப் பார்த்துவிட்டு அதே வருஷக் கடைசியில் கண்மூடினார்.

நம் சபைகளில் ஸ்தோத்திரத்துக்குப் பஞ்சமில்லை. மனுஷனுக்கு நன்றி சொல்வதென்றால்தான் நாக்கு எழாது. புகழ்ந்தால் பெருமை வந்துவிடுமாம், மகிமை தேவனுக்கே போகவேண்டுமாம். பவுலுக்கு இந்தப் பயம் இருந்ததாகத் தெரியவில்லை. ரோமர் 16-ஐ எடுத்துப் பார். பெபேயாள் தொடங்கி வரிசையாக ஆட்கள், பலருக்கும் அவரவர் செய்தது இன்னதென்று ஒரு குறிப்பு. பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும் தன் உயிருக்காகத் தங்கள் கழுத்தைக் கொடுத்தவர்கள் என்று சொல்லி நன்றி கூறுகிறார். ரூபுவின் தாயைத் தனக்கும் தாய் என்கிறார். பெயர்ப் பட்டியல்தானே என்று நாம் வேகமாகக் கடந்துபோகும் அதிகாரம் அது. அதில் பிரசங்கம் கேட்ட ஞாபகமே எனக்கில்லை.

தினமும் காலையில் ரோஜாப்பூப் படத்தோடு வாட்ஸப்பில் வரும் வசனத்தை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அது ஊருக்கே அனுப்பியது. வெஸ்லி ஒருவருக்கு எழுதினார், அவர் செய்கிற வேலையைத் தெரிந்துகொண்டு எழுதினார்.

ஆகவே நானும் குறிப்பாகவே சொல்கிறேன். போன கிறிஸ்மஸுக்கு ஊருக்கு வந்திருந்தபோது, நாலு பேர் முன்னால் வாயே திறக்காத அந்தக் கடைசி வீட்டுப் பிள்ளை, யோனாவின் கதையை ஒரு இடத்திலும் தடுமாறாமல் சொன்னாள். மீன் கக்கிய இடத்தில் அவளே சிரித்துவிட்டாள். அவளை அப்படிப் பேச வைத்தது நீ. அப்போதே சொல்ல நினைத்தேன். அதற்குள் சாப்பாட்டுப் பந்திக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அப்புறம், இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கோயில்குட்டியாரிடம் போய், மழையானாலும் மணி பிந்தாமல் அடிக்கிறாரே, அதற்கு நன்றி சொல். கேலி செய்கிறாய் என்றுதான் முதலில் நினைப்பார். அடுத்த ஞாயிறும் சொல்.

உன் அண்ணன்