இரண்டு பூட்டுகள்

கைதூக்கித் தலைவரைத் தேர்ந்தெடுப்பதே எங்கள் பஞ்சாலைச் சங்கத்தின் நீண்ட நாள் வழக்கம். மேடையில் தலைவர் நிற்பார். எதிரே பதிலித் தொழிலாளர்கள் அமர்ந்திருப்பார்கள். மறுநாள் வேலை கிடைப்பது அவருடைய பரிந்துரையைப் பொறுத்தது என்றிருக்கையில், எவருடைய கைதான் உயராதிருக்கும்? நிர்வாகத்திடம் நியாயம் கேட்கத் திரண்ட நாங்கள், எங்களுக்குள் நியாயம் கேட்க அஞ்சினோம்.

எண்பதுகளின் நடுவில் எங்களுள் நால்வர் துணிந்து, இரகசிய வாக்கெடுப்பு வேண்டுமெனத் துண்டறிக்கை அச்சிட்டோம். நிர்வாகிகளை அமர்த்தும் முறையைச் சங்க விதிகளில் எழுதவேண்டும் என்றது 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம். அம்முறை எதுவாயிருக்க வேண்டுமென்பதைச் சங்கத்திற்கே விட்டிருந்தது. ஆகவே விதியைத் திருத்தத் தொழிலாளரிடமே கையொப்பம் கேட்டு வாயிலில் நின்றோம். இரவு ஷிப்டு முடித்து வந்தோருள் பலர், தலைகுனிந்தவாறே எங்களைக் கடந்து போயினர். 'முதலாளியின் கையாட்கள்' என்ற பழியும் வந்து சேர்ந்தது.

சோர்ந்திருந்த எங்களுக்குப் பங்குத்தந்தை ஒரு மாலையில் அமெரிக்க நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் வரலாற்றைக் கூறினார். அவர்களுடைய சங்கத்தின் தலைவர் டோனி பாயிலை எதிர்த்து, 1969-இல் ஜோசப் யப்லான்ஸ்கி என்பவர் போட்டியிட்டார். டிசம்பரில் நடந்த தேர்தலில் பாயிலுக்கு ஏறத்தாழ 80,000 வாக்குகளும், இவருக்கு 46,000 வாக்குகளும் கிடைத்ததாக அறிவித்தார்கள். முறைகேடு நடந்ததென யப்லான்ஸ்கி அரசிடம் முறையிட்டார். அவ்வாண்டின் இறுதி இரவில், பென்சில்வேனியாவிலுள்ள தம் இல்லத்தில் மனைவியோடும் மகளோடும் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அடக்கத் திருப்பலியை நிறைவேற்றியவர் தொழிலாளரின் நண்பரான சார்லஸ் ஓவன் ரைஸ் அடிகளார். தொண்டர்கள் கலைந்துவிடவில்லை. 1972-இல் நீதிமன்றம் பழைய தேர்தலைச் செல்லாததாக்கியது. அவ்வாண்டு டிசம்பரில், அரசின் மேற்பார்வையில் நடந்த மறுதேர்தலில் சுரங்கத் தொழிலாளியாயிருந்த ஆர்னால்டு மில்லர் வென்றார். கொலைக்கு ஏவியவர் பாயில் என 1974-இல் நீதிமன்றம் தீர்த்தது.

இதைக் கேட்டபின் எங்கள் அச்சம் எங்களுக்கே சிறிதாகத் தோன்றியது. ஓராண்டு அலைந்து போதிய கையொப்பம் பெற்றோம்; விதி திருந்தியது.

சோதனை அதன்பிறகுதான் வந்தது. மூன்று ஷிப்டினரும் வாக்களிப்பதற்காக வாக்குப்பதிவு இரண்டு நாள் நடந்தது. முதல் நாளிரவு வாக்குப்பெட்டி சங்க அறையில் இருந்தது. சாவி எங்கள் அணியினரின் பொறுப்பில் இருந்தது. எஞ்சிய வாக்குச்சீட்டுகள் மேசைமேல் கிடந்தன.

"நாப்பது சீட்டு போதும், அண்ணே. நல்லதுக்குத்தானே?" என்றான் எங்களுள் இளையவன்.

எவரும் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. உண்மையைச் சொல்வதானால், அந்தச் சில நிமிடங்கள் நாங்கள் அனைவரும் மனத்துக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். பென்சில்வேனியாவின் அநீதிக்காக நெஞ்சு கொதித்த நாங்கள்தாம்!

மூத்தவர் எழுந்து வெளியே சென்றார். தம் வீட்டுக் கதவின் பூட்டைக் கழற்றிக்கொண்டு வந்து, பெட்டியில் இரண்டாம் பூட்டாக மாட்டினார். எஞ்சிய சீட்டுகளை எண்ணிக் கட்டினார். நள்ளிரவில் எதிரணிச் செயலாளரின் வீட்டுக் கதவைத் தட்டி, சீட்டுக் கட்டையும் அப்பூட்டின் சாவியையும் அவரிடம் ஒப்படைத்தார். அன்றிரவு அவர் வீட்டுக் கதவுக்குப் பூட்டில்லை.

இருபத்து மூன்று வாக்கு வித்தியாசத்தில் நாங்கள் தோற்றோம். இளையவன் பல நாள் எங்களோடு பேசவில்லை. அவன் சினம் எங்களுக்குப் புரிந்தது. அந்த நாற்பது எங்கள் உறக்கத்திலும் வந்தது. எனினும், களவாய் வென்றிருந்தால் அடுத்த தேர்தலைக் கண்டு முதலில் அஞ்சியிருப்பவர்கள் நாங்களாகவே இருந்திருப்போம். தன் உறுப்பினரின் வாக்குக்கு அஞ்சும் சங்கம், முதலாளியின் முன் எப்படி நிமிர்ந்து நிற்கும்?

அடுத்த தேர்தலில், நாங்கள் கேளாமலே இரண்டாம் பூட்டை வாங்கி வந்தவர்கள் எதிரணியினர். அதன் சாவியை எங்கள் மூத்தவரின் கையில் கொடுத்தார்கள்.