மாமல்லையில் விசிறி வைத்தியம்

மறைமலைநகர் ஸ்டேஷனில் ரயில் ஏறி, கொளவாய் ஏரிக் காற்றை வாங்கிக்கொண்டே செங்கற்பட்டில் இறங்குங்கள். அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்கு பஸ் இருக்கிறது. திருக்கழுக்குன்றத்தில் கழுகுகளைத் தேடி அண்ணாந்து பார்த்துப் பயனில்லை. அவை வருவது நின்று வருஷங்கள் பல ஆகிவிட்டன.

மாமல்லபுரம் என்றதும் எல்லோரும் சிற்பங்களைப் பார்க்க ஓடுவார்கள். ஓட வேண்டியதுதான்! ராஜசிம்ம பல்லவனின் கடற்கரைக் கோயில் சுமார் 1,300 ஆண்டுகளாக அலைக்கு எதிரே நிற்கிறது. ஆனால் அதற்குப் பக்கத்து மணலில் படுத்திருக்கும் படகுகளையும் கொஞ்சம் பாருங்கள். ஒரு காலத்தில் இங்கே பாய் கட்டிய கட்டுமரங்கள்தான். இப்போது பெரும்பாலும் ஃபைபர் படகுகள். 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்து போன பிறகு இவை இன்னும் பெருகின. பாய்க்குப் பதில் டீசல் இஞ்சின். அதிலிருந்து வால் போல நீண்ட தண்டு. தண்டின் நுனியில் சின்ன விசிறி. கரை நெருங்கியதும் தண்டைத் தூக்கிவிட்டால் விசிறி மணலில் இடிக்காது.

நாங்கள் போன காலையில் ஒரு பழைய படகின் விசிறியைச் சுற்றி இரண்டு பேர் குந்தியிருந்தார்கள்.

"என்னங்க, ரிப்பேரா?" என்று விசாரித்தாள் என் மனைவி.

"ஆமாம்மா. நேத்து ராத்திரி பூரா ஒரே நடுக்கம்" என்றார் பெரியவர்.

"ஐயையோ, டாக்டரிடம் காட்டினீர்களா?"

"எனக்கு இல்லேம்மா, படகுக்கு!"

பெரியவரின் வைத்திய முறையே தனி. முதலில் தண்டைக் கழற்றிவிட்டு, இஞ்சினை மட்டும் சிறிது நேரம் ஓட விட்டார். அப்போதும் ஆடினால் இஞ்சினிலோ அதைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளிலோ கோளாறு. ஆடவில்லை. ஆகவே நோய் தண்டிலோ விசிறியிலோ இருக்க வேண்டும். நம் வீட்டு மின்விசிறியில் ஓர் இறக்கை வளைந்தால் கூரையே ஆடுவது போல் இருக்கிறதல்லவா? அதே கதைதான். விசிறியில் வலை நூல் சுற்றியிருக்கிறதா என்று பார்த்தார். தண்டை மேலும் கீழும் அசைத்து, புஷ் தேய்ந்து ஆட்டம் கொடுக்கிறதா என்று பார்த்தார். பிறகு ஒரு குச்சியை அசையாமல் பிடித்துக்கொண்டு விசிறியைக் கையால் மெதுவாகச் சுற்றினார். ஓர் இறக்கையின் நுனி மட்டும் குச்சியை விட்டு விலகிப் போயிற்று. அகப்பட்டான் திருடன்!

இன்னொரு வியாதி வழுக்கல். இஞ்சின் உறுமும், படகோ நகராது. மிக்ஸியில் அடிக் கப்ளர் தேய்ந்தால் மோட்டார் மட்டும் கத்துமே, அது போல. விசிறியைத் தண்டோடு பிணைக்கும் சின்னக் 'கீ' முறிந்திருக்கலாம். அலை மேட்டில் விசிறி தண்ணீரை விட்டுக் காற்றை விழுங்கியிருக்கலாம். காசிமேட்டு டிராலர்களைப் போன்ற பெரிய படகுகளிலும், இஞ்சின் பொருத்திய பாய்மர உல்லாசப் படகுகளிலும் நடுவே கியர் பெட்டி உண்டு. அங்கே தண்டில் ஒரு சாக்குக் கோடு போட்டுப் பார்ப்பார்கள். இஞ்சின் வேகம் ஏற ஏறக் கோடும் வேகமாகச் சுற்றினால் குற்றம் விசிறியுடையது. கோடு சோம்பினால் கியர் பெட்டியில்தான் வழுக்கல். அதன் எண்ணெய் குறைந்திருக்கிறதா, கருகி நாறுகிறதா, பால் போல் வெளுத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெளுத்திருந்தால் தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டது என்று அர்த்தம்.

இதற்கு ஏன் இத்தனை கவலை? கார் நின்றுபோனால் சாலை ஓரமாகத் தள்ளி வைக்கலாம். கடலுக்கு ஓரம் ஏது? இந்தக் கரையில் அலை உடையும் இடத்தைத் தாண்டித்தான் போகவும் வரவும் வேண்டும். அந்தச் சில விநாடிகளில் விசிறி கைவிட்டால் படகு அலைக்குக் குறுக்கே திரும்பிக் கவிழ்ந்துவிடும். ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் 1979-ல் சென்னையில் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டத்தின் நிபுணர்களும் இந்தக் கரை அலைக்கு ஏற்றபடி, விசிறியைத் தூக்கிக்கொள்ளும் படகுகளை வடிவமைக்க மிகவும் பாடுபட்டார்கள்.

வளைந்த விசிறி கழன்று, வேறொன்று ஏறியது. பெரியவரின் மனைவி கூடையோடு வந்து, "இன்னிக்கு நடுங்காதில்லே?" என்று கேட்டாள். கேள்வி படகைப் பற்றித்தான். குரலில் இருந்த நடுக்கம் அவளுடையது. அடுத்த முறை மீன் வாங்கும்போது, விலையைக் குறைத்துக் கேட்பதற்கு முன் அந்தக் குரலைச் சற்று நினைத்துக்கொள்ளுங்கள்.