நீக்கம் எளிது, நியாயம் அரிது

எங்கள் இலக்கிய மன்றச் சந்தா, கம்பம்மெட்டு மலையேறி ஏலத்தோட்டங்களில் கூலி வேலை செய்யும் பெற்றோரின் வியர்வை. அதைப் பொருளாளர் சொந்தச் செலவுக்கு எடுத்துவிட்டார் என்று புகார் எழுந்தது. அவர் என் அறைத் தோழர். "உடனே நீக்கு!" என்று கூட்டம் முழங்கிற்று. "முதலில் கணக்கைப் பார்ப்போம்; அவரையும் பேசவிடுவோம்" என்றேன்.

நீக்கம் என்னும் வாள் தவறியவரை மட்டுமா வெட்டும்? 1972 அக்டோபரில், கட்சிக் கணக்கைப் பொதுமேடையில் கேட்ட எம்.ஜி.ஆர். தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டார். 1984இல் அவரை நம் ஆண்டிபட்டி சட்டமன்றத்துக்கு அனுப்பியது.

ரசீதுகளை ஒப்பிட்டோம், அவர் விளக்கத்தையும் கேட்டோம், குறைந்த பணத்துக்கு விடை இல்லை. நெஞ்சு கனக்க நானும் கை உயர்த்தினேன்.

இன்று மன்றக் கணக்கு மாதந்தோறும் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படுகிறது. தோழனை இழந்து பெற்ற பாடம் அது!