பிரித்துப் பார்த்தால்தான் விலை

சீட் வேலைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது நிறத்தைப் பற்றித்தான். கறுப்பா, டேன் கலரா, சிவப்பு நூலில் தையல் போட்டால் எடுப்பாக இருக்குமா என்றெல்லாம் கேட்டுவிட்டு, "மொத்தமா எவ்வளவுங்ணா ஆகும்?" என்பார்கள். அப்போது நான் விலை சொல்வதில்லை. ஒரு சீட்டைக் கழற்றி, கவரை உரித்து, உள்ளே இருப்பதைக் காட்டிய பிறகே வாய் திறப்பேன். கோவையில் குஷன் வேலை செய்கிற எனக்கு இது ஒரு பிடிவாதமாகவே ஆகிவிட்டது. காசு எங்கே போக வேண்டும், எங்கே போகவே தேவையில்லை என்பது உரித்த சீட்டைப் பார்த்தால்தான் தெரியும்.

என்னிடம் வருபவை பெரும்பாலும் வயதான வண்டிகள். மாருதி 800, அம்பாசிடர், பழைய ஸென், சான்ட்ரோ, இண்டிகா. மாருதி 800, அம்பாசிடர் இரண்டும் 2014-இல் உற்பத்தி நின்றுபோனவை. அப்பா ஓட்டிய வண்டி என்று வைத்திருப்பவர்களும் உண்டு, புது வண்டிக்கு வசதியில்லாமல் வைத்திருப்பவர்களும் உண்டு. வண்டியே ஒன்றேகால் லட்சம் பெறும் என்றால் அதன் சீட்டுக்கு நாற்பதாயிரம் போட யாருக்கும் மனம் வராது. வரவும் வேண்டியதில்லை.

சீட் எப்படித் தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் இந்தத் தொழிலின் முதல் பாடம். நம் ஊர் வண்டிகளில் ஓட்டுநர் சீட்டின் வலது ஓரத் திண்டு முதலில் போகும். இறங்கும்போதெல்லாம் தொடை அதன்மேல் உரசிக்கொண்டு சரிகிறது. துணி கிழிவதற்கு முன்பே உள்ளே ஃபோம் நொறுங்கிவிடும். பிறகு ஓரத்துக் கம்பி உள்ளிருந்தே துணியை அறுக்கும். அதனால் கிழிசலை மட்டும் தைத்துக் கொடுத்தால் சில மாதங்களில் அதே இடம் மறுபடி வாய் பிளக்கும். பின்பாக்கெட்டில் தடித்த பர்ஸை வைத்துக்கொண்டே ஓட்டுகிறவரின் சீட்டில் ஒரு பக்கம் மட்டும் குழி விழுந்திருக்கும். பிள்ளைகள் உள்ள வீட்டு வண்டியில் முன்சீட்டின் முதுகுப்புறம், கீழ்ப்பாதி, ஷூ பட்டுப் பட்டு வெளுத்திருக்கும். தலை சாயும் இடத்தில் தேங்காய் எண்ணெய் இறங்கி ரெக்ஸின் விறைத்துப் போயிருக்கும். ரெக்ஸின் என்று நாம் சொல்வது பி.வி.சி. பூசிய துணி. அது வளைந்து கொடுப்பதற்காக மென்மையாக்கும் பொருள் ஒன்றைக் கலக்கிறார்கள். வெயிலும் தலை எண்ணெயும் அதை மெல்ல வெளியே இழுத்துவிடுகின்றன. அதன்பின் ரெக்ஸின் வெடிக்கத்தான் செய்யும்.

பின்சீட்டு மட்டும் பல வண்டிகளில் கன்னி கழியாமல் கிடக்கும். அழுக்குதான் இருக்கும், தேய்மானம் இராது. இளஞ்சூட்டு நீர், கொஞ்சம் ஷாம்பூ, மெத்தென்ற பிரஷ் போதும். ஃபோமை நனைக்காமல் மேலாகத் தேய்த்து, துடைத்து, நிழலில் உலர்த்தினால் அந்தச் சீட்டின் செலவு ஒரு ஷாம்பூ பாட்டிலோடு முடிந்துவிடும். முழு வண்டிக்கும் கவர் என்று வந்தவரை ஓட்டுநர் சீட்டின் ஒரு திண்டும் இரண்டு தலைச்சாய்வும் என்று சுருக்கி அனுப்பியிருக்கிறேன். கடைக்கு அன்றைய வரவு குறையும்தான். ஆனால் அவருடைய தம்பி வண்டியும் மாமனார் வண்டியும் பின்னாலேயே வரும்.

கழற்றுவதற்கு முன் ஒரு எச்சரிக்கை. முன்சீட்டின் வெளியோரத்தில் 'ஏர்பேக்' என்று எழுதிய சிறு பட்டை தைத்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தப் பக்கத் துண்டில் கைவைக்காதீர்கள். மோதும் நொடியில் ஏர்பேக் வெளியே வருவதற்கென்றே அங்குள்ள தையலை எளிதில் பிரியும்படி கம்பெனியில் போட்டிருப்பார்கள். அதன்மேல் தடித்த நூலில் தைத்தாலும், கடைகளில் தொங்கும் இறுக்கமான ரெடிமேடு கவரை மாட்டினாலும் அது வர வேண்டிய வழி அடைபடும். ஏர்பேக் வழியை விட்டுத் தைத்த கவர் என்று விற்றாலும் அந்தத் திறப்பு உங்கள் சீட்டின் பட்டையோடு பொருந்துகிறதா என்று பார்த்தே வாங்குங்கள். முன்சீட் பெல்ட் எச்சரிக்கை 2019 ஜூலையிலிருந்து கட்டாயமானதால் அதற்குப் பின் வந்த வண்டிகளில் சீட்டுக்கடியில் ஒயர்கள் இருக்கும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, சில நிமிடம் பொறுத்து, பிறகே இணைப்புகளைத் தொட வேண்டும். மஞ்சள் நிற இணைப்பு என்றால் அது ஏர்பேக்கினுடையது. பழகாதவர்கள் அந்த வண்டியை விட்டுவிட்டு ஒயர் இல்லாத பழைய வண்டியில் கை பழகுவது நல்லது.

கவரை உரிப்பதில்தான் மலிவும் விலையும் பிரிகின்றன. கவரின் தையலோரத்தில் ஒரு கம்பி ஓடும். அதை ஃபோமுக்குள் பதிந்த இன்னொரு கம்பியோடு சின்னச் சின்ன வளையக் கிளிப்புகள் பிடித்திருக்கும். அவசரக்காரர்கள் துணியைப் பிடித்து இழுப்பார்கள். ஃபோம் பிய்ந்து வரும். கட்டிங் பிளேயரால் ஒவ்வொரு வளையமாக வெட்டி எடுத்தால் ஃபோமும் பிழைக்கும், கவரும் முழுசாக வரும். அந்தக் கவர்தான் நமக்கு அளவு. அதைப் பிளேடால் தையல் தையலாகப் பிரிப்பேன். பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு துண்டிலும் எண், இடமா வலமா, மேல்பக்கம் எது, எந்த இடம் எதோடு சேர்கிறது என்று சாக்கட்டியால் குறித்துவிடுவேன். பழைய துணி வருடக்கணக்கில் உட்கார்ந்து இழுபட்டு வளர்ந்திருக்கும். அதை அப்படியே நகலெடுத்தால் புதுக்கவர் தொளதொளக்கும். உட்காரும் நடுத்துண்டை மட்டும் கொஞ்சம் உள்வாங்கி வெட்ட வேண்டும். எவ்வளவு என்பதைத் துணியின் இழுவையைக் கையால் பார்த்து முடிவு செய்வேன்.

கவர் போனதும் ஃபோம் தெரியும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வைக்கச் சொல்கிறவர்கள் அதிகம். நான் முடிந்தவரை மறுப்பேன். கம்பெனி ஃபோம் அச்சில் ஊற்றி வார்த்தது. தொடை வளைவு, இடுப்புக் குழி, கம்பி உட்காரும் பள்ளக்கோடு எல்லாம் ஒரே வார்ப்பில் வந்தவை. கடையில் கிடைப்பது பெரிய கட்டியிலிருந்து அறுத்த தகடு. அதை வெட்டி ஒட்டி அந்த வடிவத்தைக் கொண்டுவருவது கடினம், வந்தாலும் செலவு அதிகம். நொறுங்கிய இடத்தை மட்டும் நேராக அறுத்து எடுத்து, அதே அளவில் கெட்டியான துண்டை வைத்து ஒட்டுவதே சரியான சிக்கனம். ஓரத் திண்டுக்கு, துகள்களை அழுத்திச் செய்த ரீபாண்டட் ஃபோம் நன்றாக நிற்கும். ஒட்டுவதற்கு எஸ்.ஆர். 998 போன்ற ரப்பர் பசையை இரு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து சேர்க்க வேண்டும். உட்காரும் நடுப்பகுதியில் பசை காய்ந்தால் கட்டி தட்டி உறுத்தும் என்பதால் ஓரங்களில் மட்டும் தடவுவேன். பிறகு ஆக்ஸா பிளேடால் சீவி, முரட்டு உப்புத்தாளால் தேய்த்து, மேலே கால் அங்குல ஃபோம் தகட்டைப் போர்த்தினால் ஒட்டுப் போட்ட சுவடே தெரியாது.

ஃபோம் வாங்கும்போது 32, 40 என்று டென்சிட்டி சொல்வார்கள். அது ஒரு கன மீட்டருக்கு எத்தனை கிலோ என்ற கணக்கு. எண் கூடினால் கெட்டியாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அந்த எண் உழைப்பைச் சொல்கிறது, கெட்டித்தன்மை வேறு அளவு. 40-லும் மெத்தென்ற ஃபோம் உண்டு. ஆகவே எண்ணைக் கேட்டுவிட்டு, முட்டியால் அழுத்தியும் பாருங்கள்.

வெள்ளத்தில் முழுகிய வண்டி என்றால் மட்டும் ஃபோமைக் காப்பாற்ற நான் முயல்வதில்லை. 2015 டிசம்பரில் சென்னையில் முழுகிய வண்டிகளில் சில கைமாறி இங்கேயும் வந்தன. மேலே காய்ந்திருந்தாலும் நடுவில் சேறும் பூஞ்சையும் இருக்கும். எந்த வாசனைத் திரவியமும் அந்த நாற்றத்தை மறைக்காது. அம்பாசிடரின் பழைய நீளச் சீட்டு இதற்கு நேர்மாறு. சுருள் ஸ்பிரிங், மேலே சணல் சாக்கு, அதன்மேல் தென்னை நாரில் ரப்பர் பால் தெளித்து அழுத்திய தகடு. காற்றோட்டம் உள்ள உட்கார்வு. நார் பொடியாகாமல் இருந்தால் அப்படியே வைத்துக்கொண்டு, மேலே ஓர் அங்குல ஃபோம் மட்டும் போடுவேன். பொடிந்திருந்தால் நார்த் தகட்டுக்குப் பொள்ளாச்சிப் பக்கம் இருக்கவே இருக்கிறது.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் மேல்துணி. ஆம்பூரும் ராணிப்பேட்டையும் இருக்கிற மாநிலத்தில் ஏன் அசல் தோல் போடக்கூடாது என்று கேட்பார்கள். தோல் சதுர அடிக் கணக்கில் விற்கிறது. ஒழுங்கற்ற வடிவம், நடுவில் தழும்பு, வெட்டினால் கழிவு. குறைந்த செலவில் முடிக்க நினைக்கிறவருக்கு அது ஒத்துவராது. லெதரெட் என்று விற்பதில் பி.யூ. பூச்சு தொட்டால் தோல் போலவே இருக்கும். ஆனால் மலிவான பி.யூ. நம் ஊர்ப் புழுக்கத்தில் சில வருடங்களிலேயே செதில் செதிலாக உரியும். அதே காசுக்குப் பின்னல் துணி பின்புறம் வைத்த நல்ல பி.வி.சி. ரெக்ஸின் கூடுதலாக உழைக்கும். ரெக்ஸின் 54 அங்குல அகலத்தில் வரும். சின்னக் காரின் இரண்டு முன்சீட்டு நடுத்துண்டுகளுக்கும் சேர்த்து இரண்டு மீட்டர் போதும். முழு வண்டிக்கு அதைப்போல நான்கு மடங்கு ஆகும்.

என் விருப்பம் ஓரங்களுக்கு ரெக்ஸின், உட்காரும் நடுவுக்குத் துணி. மதிய வெயிலில் நிறுத்திய வண்டியில் முழுக் கறுப்பு ரெக்ஸினில் உட்கார்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சிலருக்குப் பவானி ஜமக்காளத்தை நடுவில் வைத்துத் தைத்துக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பட்டைக்கோடுகள் காருக்குள் கம்பீரமாக இருக்கும். ஆனால் முன்வேலை நிறைய. முதலில் துவைத்து, சுருங்க வேண்டியதைச் சுருங்கவிட்டு, சாயம் போகிறதா என்று பார்க்க வேண்டும். வெட்டிய ஓரம் உடனே பிரியும் என்பதால் வெட்டியதும் ஓவர்லாக் அடித்துவிட வேண்டும். பின்னால் ஃபோம் தகட்டை ஒட்டித் தைக்க வேண்டும். உட்காரும் பகுதியின் கோடு முதுகுப் பகுதியில் அதே இடத்தில் தொடர வேண்டும். அரை அங்குலம் விலகினாலும் கண் அங்கேயே போய் நிற்கும். பருத்தி வெயிலில் வெளுக்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவேன்.

தையலில் இரண்டு விதிகள். நூல் பாலியஸ்டர் அல்லது நைலானாக இருக்க வேண்டும். பருத்தி நூல் வியர்வையிலும் வெயிலிலும் இற்றுப்போகும். தையல் நீளம் நான்கு மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. நெருக்கித் தைத்தால் உறுதி என்று நினைத்து ரெக்ஸினில் நெருக்கமாகத் துளை போட்டால், தபால் தலை ஓரம் போல அந்தக் கோட்டிலேயே கிழியும். வீட்டுத் தையல் மெஷின் இரண்டு அடுக்குவரை தாங்கும். பைப்பிங் வைத்து நான்கு அடுக்கு சேரும் இடத்தில் ஊசி உடையும். துண்டுகளை நீங்களே வெட்டிக் குறித்துக்கொண்டு, தையலை மட்டும் ரெக்ஸின் தைக்கும் டெய்லரிடம் கொடுத்தால் கூலியில் பெரும்பகுதி மிச்சம்.

மாட்டும்போது நம் வெயிலே துணை. கவரை அரைமணி நேரம் வெயிலில் விரித்துப் போட்டால் ரெக்ஸின் இளகும். ஃபோம் மேல் மெல்லிய பாலிதீன் உறையைப் போர்த்தி, அதன்மேல் கவரை இறக்கினால் வழுக்கிக்கொண்டு உட்காரும். பிறகு பாலிதீனை உருவிவிடலாம். வளையக் கிளிப்பை நடுவில் தொடங்கி இரு ஓரங்களுக்கும் போக வேண்டும். ஓரத்தில் தொடங்கினால் சுருக்கம் நடுவில் சேர்ந்து நிற்கும்.

அலங்காரத்தில் எனக்கும் ஆசை உண்டு. வேற்று நிற நூல், பைப்பிங், முதுகில் பெயர் எழுத்து எல்லாம் செய்கிறேன். ஆனால் ஒருவருக்கென்று சீட் செய்வது என்றால் அவர் உடம்புக்குச் செய்வதுதான். முழங்கால் வலிக்கிற அம்மாவுக்கு முன்சீட்டின் முன்பக்கத்தைத் தணித்து, பின்பக்கத்தை ஓர் அங்குலம் உயர்த்தினால் இறங்குவது எளிதாகும். நாள் முழுக்க ஓட்டும் டாக்ஸி டிரைவருக்கு இடுப்புக் குழியில் ஓர் அங்குலத் தகடு போதும். அதற்குமேல் வைத்தால் ஸ்டியரிங்கை நோக்கித் தள்ளும். உயரம் கூட்டினால் கண் மட்டமும் பெல்ட் விழும் இடமும் மாறும். அதனால் வண்டிக்காரரைக் கவர் போடாத ஃபோமில் உட்காரவைத்து, கண்ணாடிகளைப் பார்க்கச் சொல்லி, பெல்ட் போட்டுப் பார்த்த பிறகே கவர் ஏற்றுவேன். அந்த ஒத்திகைக்குச் செலவு ஏதுமில்லை.

நீங்களே செய்து பார்க்க நினைத்தால் தலைச்சாய்விலிருந்து தொடங்குங்கள். துணி குறைவு, தப்பினால் நட்டமும் குறைவு. அடுத்து பின்சீட்டின் அடிப்பகுதி. பல வண்டிகளில் அதற்கு ஒயரும் கிடையாது, பெரிய போல்ட்டும் கிடையாது. ஓட்டுநர் சீட்டைக் கடைசிக்கு வையுங்கள். ஒவ்வொரு சீட்டிலும் முதல் காசு கம்பிக்கும் ஸ்பிரிங்குக்கும், அடுத்தது ஃபோமுக்கு, மிச்சம்தான் மேல்துணிக்கு. கையிருப்பு பாதி வழியில் தீர்ந்துபோனாலும் கவலையில்லை: பழைய கவரைத் துவைத்து அதே ஃபோம் மேல் மாட்டி ஓட்டலாம். உட்கார்வு சரியாக இருக்கும். நிறம் அடுத்த தீபாவளி போனஸுக்குக் காத்திருக்கட்டும்.